கால் பார்க்க ஓர் ஆள்

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், இந்த வெளிநாட்டு ஊர் மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவில், ஒரு நர்ஸ் என் இடது உள்ளங்காலிலிருந்து ஒரு டிராயிங் பின்னைப் பிடுங்கினார். அலுவலகத்தில் அறிவிப்புப் பலகையில் காகிதம் குத்துவோமே, அந்தப் பித்தளைத் தலை ஆணி. எப்படியோ ஷூவுக்குள் விழுந்து கிடந்திருக்கிறது. காலுறையோடு சேர்ந்து முனை முழுக்க உள்ளே இறங்கியிருந்தது. அதை வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்திருக்கிறேன். மூன்று மாடி ஏறியிருக்கிறேன். பணம் கட்டும் வரிசையில் நின்று ஒருவரோடு மழையைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

எப்போதிருந்து இருக்கிறது என்று நர்ஸ் கேட்டார். காலையிலிருந்து என்றேன். அது ஊகம். ஊகத்தைத் தகவல் என்று எழுதிக் கொடுத்த நிருபர்களின் தாளை நான் மதுரைப் பத்திரிகை அலுவலகத்தில் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

அடுத்த கேள்வி: வீட்டில் உங்கள் கால்களை யார் பார்க்கிறார்கள்?

என் மனைவி என்றேன். அவர் குறித்துக்கொண்டார். அது ஊகம்கூட இல்லை, பொய். என் கால் மரத்துப்போயிருப்பது விஜயாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்.

இதை ஊர்ப் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்று தம்பிக்குக் கடிதம் போட்டேன். அவன் பதில் பத்து நாளில் வந்தது. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அக்கா விஷயத்தையும் உங்கள் விஷயத்தையும் பத்திரிகையில் போட்டால் எவன் பெண் கொடுப்பான், கொஞ்ச நாள் பொறுங்கள் என்று எழுதியிருந்தான். அதே தபாலில் அக்காவின் கடிதமும் இருந்தது. மூன்று வரி. நடுவரி இது: "என் பேரப் போட்டே எழுது அப்பு."

அக்காவின் பெயர் ராமுத்தாய். ஊர் ராசிங்காபுரம். வாழ்க்கைப்பட்டது மலையில், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன ஏலத்தோட்டத்தில். அவளுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அது ஏன் இல்லை என்பதற்கு எங்கள் குடும்பம் சொல்லி வந்த காரணம் உண்மை இல்லை.

2

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே எல்லாம் இலவசம், எல்லாம் சுத்தம் என்று ஊரில் நினைக்கிறீர்கள். உண்மைதான். அதோடு இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் நாள் எனக்கு இந்தியில் அச்சிட்ட கையேடு ஒன்றைக் கொடுத்தார்கள். படிக்கத் தெரியாது என்றேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குஜராத்தியில் ஒன்று கொடுத்தார்கள். அதுவும் தெரியாது என்றதும், எழுத்தறிவு இல்லாதவன் என்று முடிவு செய்து, ஒரு பெண் என் எதிரே உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக, உரத்த குரலில், விளக்க ஆரம்பித்தார். மதுரையில் ஏழு வருஷம் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கிச் சம்பளம் வாங்கியவன் நான். இட்லி என்றால் என்ன என்று கேட்டார். ஆவியில் வேகவைத்த கேக் என்று சொல்லித் தொலைத்தேன். கேக் என்று எழுதி, சிவப்பு மையில் அடித்துவிட்டார். இரண்டு வருஷமாக என் கோப்பில் நான் தினமும் காலையில் நாலு கேக் தின்கிறவன்.

இன்னொன்று. நம் வழக்கப்படி அப்பா பெயர் முன்னால் வரும் என்பது இவர்களுடைய படிவத்துக்குப் புரியவில்லை. கோப்பு அய்யா பெயரில்தான் இருக்கிறது. அய்யா இறந்து நாலு வருஷம் ஆகிறது. அவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வருகிறது: உங்கள் சர்க்கரை அளவு கவலை தருகிறது, உடனே தொடர்புகொள்ளவும். மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது முறைக்கு வந்த பதிலும் அய்யாவுக்குத்தான்.

இவர்கள் மேல் எனக்கு எரிச்சல் உண்டு. கோபம் இல்லை. இவர்கள் கேட்கவாவது செய்தார்கள்.

கோபம் வேறு இடத்தில். இந்த ஊரில் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். பொங்கல், தீபாவளி, பிள்ளைகளின் பிறந்தநாள் என்று மாதம் ஒரு முறையாவது கூடுகிறோம். ஒவ்வொரு முறையும் பாயசம். ஒவ்வொரு முறையும் நான் ஒரு டம்ளர் குடித்து, இன்னொரு அரை டம்ளர் கேட்டு வாங்கியும் குடித்திருக்கிறேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால் என் மகள் மீனாவுக்குப் பத்து வருஷம் கழித்து வரன் பார்க்கும்போது அது எங்காவது போய் நிற்கும். அவளுக்கு இப்போது ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். அவள் யாரைக் கட்டுவாள், எந்த ஊரில் கட்டுவாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவளுடைய கல்யாணத்துக்காக நான் விஷம் குடித்துக்கொண்டிருந்தேன்.

3

அக்காவுக்குச் சர்க்கரை என்று எழுபதுகளின் நடுவில் தெரிந்தது. முதுகில் ஒரு கட்டி ஆறாமல் கிடந்து, தேனிக்குக் கூட்டிப் போய்ப் பார்த்ததில் சொன்னார்கள். அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பிள்ளை இல்லை. மாத்திரை கொடுத்தார்கள். தினமும் சிறுநீரைச் சோதிக்க ஒரு கண்ணாடிக் குழாயும், நீல மருந்துப் புட்டியும், ஸ்பிரிட் விளக்கும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

அதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். அக்கா அதைச் சீக்கிரம் பழகிக்கொண்டாள். நல்ல பச்சைக்கு நல்ல விலை என்று ஏலக்காயைத் தரம் பிரிக்கிற கண். "மத்தவளுக்குப் பச்ச வந்தா வெல. எனக்குப் பச்ச வந்தா வெனை" என்று சிரிப்பாள். ஆனால் அந்தக் குழாயைத் தோட்ட வீட்டின் பின்பக்கம், விறகு அடுக்குக்குப் பின்னால் வைத்திருந்தாள். யாராவது வந்தால் மண் சட்டியைக் கவிழ்த்து மூடிவிடுவாள்.

மாத்திரையைப் போடியில் வாங்குவதில்லை. மருந்துக் கடைக்காரர் தெரிந்தவர், அவர் மனைவி அதைவிடத் தெரிந்தவர். நான்தான் மதுரையில் வாங்கி, பழைய செய்தித்தாளில் சுற்றி, மாதம் ஒரு பார்சல் அனுப்புவேன். மேலே 'புத்தகம்' என்று எழுதுவேன்.

விஷயம் தெரிந்தவர்கள் நாலு பேர். அக்கா, அவள் புருஷனான மச்சான், அய்யா, நான். தம்பி அப்போது சின்னவன். அவனுக்குச் சொல்லவில்லை.

தெரியாதவர்கள் பதினாறு பேர். அவர்கள் போடியிலிருந்து தினமும் விடிகிற நேரத்தில் ஜீப்பில் ஏறி மெட்டுக்கு வந்து, மச்சான் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கும் பெண்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணோடு மண்ணாகப் படர்ந்த சரத்தில் காய்க்கும். ஈரத்தில் குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். மழைக் காலத்தில் அங்கே அட்டை இல்லாத சாண் இடம் கிடையாது. அட்டை கடித்தால் தெரியாது. குடித்து முடித்து, உருண்டு விழுந்து, ரத்தம் நிற்காமல் வழியும்போதுதான் தெரியும். அதனால் அந்தப் பெண்களுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு வரிசை முடிந்ததும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருத்தி காலை இன்னொருத்தி மடியில் வைத்துப் பார்ப்பாள். விரல் இடுக்கு, குதிகால், கணுக்கால், முழங்காலின் பின்பக்கம். பார்த்து, புகையிலைத் தண்ணீர் தொட்டு வைத்து, அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காலை மாற்றிக்கொள்வார்கள். இரண்டு நிமிஷ வேலை. அதற்குள் புருஷனைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் நாலு பேச்சு முடிந்துவிடும்.

அக்காவும் அவர்களோடு குனிந்து காய் எடுத்தவள்தான். ஆனால் கால் பார்க்கும்போது தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வாள். தோட்டக்காரர் வீட்டுப் பெண்ணின் காலை அவர்கள் தொடுவதா, அவர்கள் காலை இவள் தொடுவதா? இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. அக்காவும் கேட்கவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. பதினாறு பேர், எட்டு ஜோடி. இவள் ஒருத்தி தனி.

4

எனக்குச் சின்னமனூரில் பெண் பார்த்து, ஆவணியில் நிச்சயம் செய்து, கார்த்திகையில் முகூர்த்தம் குறித்தார்கள். பெண் வீட்டார் நல்லபடியாக விசாரித்தார்கள். குடும்பத்தில் வலிப்பு உண்டா, காசநோய் உண்டா, சக்கர உண்டா? அய்யா இல்லை, இல்லை, இல்லை என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மதுரைக்குத் திரும்பியதும் அக்காவுக்கு நான் ஒரு இன்லண்ட் கடிதம் எழுதினேன். அதை அப்படியே சொல்கிறேன், எனக்கு மறக்கவில்லை: கல்யாணம் முடியும் வரை யாரிடமும் மூச்சு விட வேண்டாம், மச்சானிடமும் சொல்லிவை.

அந்த ஐப்பசியில் மாத்திரைப் பார்சலும் போகவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். மறந்துவிட்டது. அக்கா நினைவுபடுத்தி எழுதவில்லை. மூச்சு விட வேண்டாம் என்று நான்தானே எழுதியிருந்தேன்.

ஐப்பசி கடைசியில் மலையில் ஒரு வாரம் விடாத மழை. பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். வெளியே அடுப்பு. விறகு எரிந்து சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே போகும். மழை நாளில் வேலை முடிந்ததும் எல்லாரும் அந்த அடுப்பு வாய்க்கு முன்னால் நின்று கை காலுக்குச் சூடு காட்டிக்கொண்டு போவார்கள். அக்காவுக்குச் சில மாதங்களாகக் கால் ஜில்லென்று இருப்பதுபோல் இருந்திருக்கிறது. மலைக் குளிர் என்று நினைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் மற்றவர்கள் ஜீப்புக்குப் போன பிறகு, ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கால்களையும் அடுப்பு வாயின் இரும்புத் தகட்டில் வைத்தாள். சூடு ஏறவில்லை என்று இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள். சூடு ஏறிக்கொண்டுதான் இருந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில், தான் நடந்து வந்த சிமெண்டுத் தரையைத் திரும்பிப் பார்த்தபோது ஈரமான காலடி இருந்தது. மழை உள்ளே வரவில்லையே என்று யோசித்திருக்கிறாள். பிறகு உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தாள். இடது காலில் சிவப்புத்தான். வலது உள்ளங்காலில் தோல் இல்லை.

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

5

ஆறு நாள் மறைத்தாள். பழந்துணி சுற்றி, மச்சானின் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு காய் எடுக்கப் போனாள். மச்சானுக்குத் தெரியும். மஞ்சள் அரைத்துக் கட்டியவர் அவர்தான். குழாயில் நிறம் செங்கல்லுக்குப் போயிருந்தது என்றும் தெரியும்.

ஏழாம் நாள் அந்தப் பெண்களில் மூத்தவளான நாகம்மா வரிசை முடிந்த இடத்தில் அக்காவின் எதிரே வந்து குத்தவைத்தாள். ஈ மொய்க்கிற பூட்ஸை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். காலைக் காட்டு என்றாள். அக்கா, போய்ச் சோலியைப் பாரு என்றிருக்கிறாள். நாகம்மா பூட்ஸைப் பிடித்து இழுத்தாள். பதினைந்து பெண்களும் பார்த்தார்கள்.

"வலிக்கலையா தாயி?"

"வலிக்கல."

"வலிச்சாத் தேவலையே" என்றாள் நாகம்மா.

அவள் சர்க்கரை என்ற சொல்லையே அதுவரை யோசித்ததில்லை. ஆனால் இப்படி ஒரு புண் வலிக்காமல் இருப்பது சரியில்லை என்று தெரிந்தது. மச்சானிடம் போய், ஜீப்பைக் கூப்பிடுங்க, வெரசா இறக்கணும் என்றாள். மச்சான், கல்யாணம் முடியட்டும், பதினோரு நாள்தானே என்றார். அந்தத் தோட்டத்தில் முப்பது வருஷம் கூலி வாங்கியவள், தோட்டக்காரரைப் பார்த்து, அப்ப நாங்க இன்னைக்குக் காய் எடுக்கல என்றாள்.

ஜீப்பில் பதினெட்டுப் பேர் நெருக்கி உட்காருவார்கள். காலை நீட்டி ஓர் ஆளைப் படுக்க வைத்தால் நாலு பேருக்குத்தான் இடம். மற்றப் பெண்கள் இறங்கிக்கொண்டார்கள். வேறு ஜீப்பு சாயங்காலம்வரை கிடையாது. மழையில் பழைய நடைபாதை வழியாக முந்தல் வரை மலை இறங்கி நடந்தே போனார்கள். அன்று அவர்களுக்குக் கூலியும் இல்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

போடியில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, இந்த அம்மாவுக்குச் சக்கர இருக்கா என்பதைத்தான்.

மச்சான் இல்லை என்றார்.

ஊசிப் புட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற கம்பவுண்டர் சின்னமனூர்க்காரர், பெண் வீட்டாரின் ஊர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மச்சான் அதைச் சொன்னார். மேஜையில் படுத்திருந்த அக்காவும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் ஒரு குழாய் சிறுநீர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தீப்புண் என்று கட்டுப் போட்டு, களிம்பு கொடுத்து, இரண்டு நாளைக்கு ஒரு முறை வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கேள்வியை அவர் சரியாகத்தான் கேட்டார். பதில் எங்களுடையது. இன்னும் சரியாகச் சொன்னால், என்னுடையது. மதுரையில் உட்கார்ந்து நான் எழுதிய பதிலை மச்சான் போடியில் வாசித்தார்.

கல்யாணத்துக்கு அக்கா வரவில்லை. காய் சீசன், ஆள் இல்லை என்றார்கள். நான் நம்பினேன். நாத்தனார் முடிச்சுப் போட ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள், மறுவீட்டுச் சாப்பாட்டுக்குப் பின், அய்யா என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப் போய் அக்காவின் காலைப் பற்றிச் சொன்னார். அவர் குரல் சாதாரணமாக இருந்தது. கல்யாணம் நல்லபடியாக முடிந்த நிம்மதி அதில் இருந்தது. அதற்காக நான் அவரை அவர் சாகும்வரை மன்னிக்கவில்லை. என்னை மன்னித்திருந்தேனா என்று யாரும் கேட்கவில்லை.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது விரல்கள் கறுத்திருந்தன. முதலில் விரல்களை எடுத்தார்கள். எட்டாம் நாள் முழங்காலுக்குக் கீழே முழுவதையும் எடுத்தார்கள்.

6

நான் தொழிலால் விசாரிக்கிறவன். தை பிறந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போடிக்குப் போய், ஜீப்பில் ஏறி, மெட்டுக்குப் போனேன். யார் எப்போது எதைப் பார்த்தார்கள், யாருக்கு எந்த நாள் தெரியும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினேன். யாரையாவது மாட்டிவைக்க எனக்கு ஆள் தேவைப்பட்டது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மச்சானிடம் கேட்டேன். அவர், "நீங்க எழுதுனதத்தான மாப்ளே சொன்னேன்" என்றார்.

கடைசியாக நாகம்மா. காய்க்கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் நோட்டையும் என்னையும் பார்த்தாள். உங்களுக்கு எப்போது சந்தேகம் வந்தது என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும் தம்பி. சக்கரன்னு ஒங்க எல்லாருக்கும் தெரியும். எங்க ஒருத்திக்கும் தெரியாது. சொல்லியிருந்தா நாங்க பாத்திருப்போம்ல? தெனம் அட்டையப் பாக்குறோம். இதப் பாக்க மாட்டமா?"

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

"பேப்பர்ல ஊரு ஒலகத்துக்கெல்லாம் சேதி சொல்ற ஆளு நீங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் சிரித்தாள்.

மூன்று வருஷத்தில் நான் நாட்டைவிட்டு வந்துவிட்டேன். வேலைக்காக என்று சொல்லிக்கொள்கிறேன்.

7

அக்கா மலைக்குத் திரும்பவில்லை, ராசிங்காபுரத்துக்கும் போகவில்லை. போடியில் ஜீப்புகள் நிற்கும் தெருவில் ஒற்றை அறை வீடு பிடித்து, மரக்காலை மாட்டிக்கொண்டு தனியே இருந்தாள். மச்சான் வாரம் ஒரு முறை வந்து போனார். குழாயையும் விளக்கையும் அவள் இப்போது வாசல் பக்கத்து ஜன்னலில் வைத்தாள். தெருவில் போகிறவர்கள் கேட்டார்கள். சொன்னாள். தெரு அவள் வீட்டுக்குச் சீனிக்காரி வீடு என்று பெயர் வைத்தது. நக்கலாகத்தான் வைத்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகம்மா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணுக்கு அடிக்கடி தாகம், அடிக்கடி எழுந்து போகிறாள். குழாயில் ஆரஞ்சு. அடுத்த ஞாயிறு இன்னொருத்தி, புடவைத் தலைப்பில் புட்டியை மறைத்துக்கொண்டு. இப்போது ஒன்பது பேர் வருகிறார்களாம். சோதித்துவிட்டு, ஒருத்தி காலை ஒருத்தி பார்த்துவிட்டுப் போகிறார்கள். நிறம் செங்கல்லாக வந்தவளை அக்கா வாயில் வந்தபடி திட்டுவாள் என்று தம்பி எழுதியிருந்தான். மாத்திரையை மறந்தவளை நாகம்மா திட்டுவாளாம். அவளுக்குச் சர்க்கரை கிடையாது. திட்டுவதற்காகவே வருகிறாள்.

ஆறாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம், கோப்பும் கையேடும் இலவச மாத்திரையும் வைத்துக்கொண்டு, நான் ஷூவுக்குள் ஆணியோடு நடந்துகொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து விஜயாவிடம் சொன்னேன். கால் மரத்ததை மட்டும் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் அது அங்கே நிற்கவில்லை. அக்காவின் கால் அடுப்பு விபத்தில் போனது என்றுதான் அவள் பத்து வருஷமாக நினைத்திருந்தாள். அதன் முன்னும் பின்னும் முழுக்கச் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கி முடித்து, கத்தியைக் கழுவி வைத்த பிறகுதான் பேசினாள்.

"ஒங்க அக்கா கால எடுத்தது என் கல்யாணத்துக்கு. இது யாரு கல்யாணத்துக்கு?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், உட்காருங்க என்று நாற்காலியைக் காட்டி, தரையில் உட்கார்ந்து, என் காலைப் பிடித்துத் திருப்பினாள். மீனா டார்ச் விளக்கோடு வந்து நின்றாள். ஆணி குத்திய இடத்தைத் தொட்டு, வலிக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்றேன். அதுதான் தப்பா என்று கேட்டாள். அவளுக்கு எப்படிப் புரிந்தது என்று தெரியவில்லை. இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள்தான் பார்க்கிறாள். லெஃப்ட் ஓகே, ரைட் ஓகே என்று சமையலறையைப் பார்த்துக் கத்திவிட்டு ஓடிவிடுகிறாள்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு ஒரு வீட்டில் பிறந்தநாள். பாயசம் வந்தது. வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். எனக்குச் சர்க்கரை, இரண்டு வருஷமாக, கால் மரத்துப் போயிருக்கிறது என்றேன். யாரோ, இந்த வயசுலயா என்றார். யாரோ பாகற்காயைப் பற்றிப் பேசினார். வீட்டுக்காரம்மா, மீனா இங்கதான இருக்கா, மெதுவாப் பேசுங்க என்றார். அவ்வளவுதான். பேச்சு வீட்டு விலைக்குப் போய்விட்டது.

கிளம்பும்போது, கோட்டுகள் மாட்டியிருந்த இடத்தில், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பர் ஒருவர் என் தோளை ஒட்டி நின்றார். ஐந்து வருஷப் பழக்கம். ஒவ்வொரு விருந்திலும் எனக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடிக்கிறவர்.

"மாத்திரையா, ஊசியா?" என்று மெதுவாகக் கேட்டார். மாத்திரை என்றேன். "எனக்கு ஊசி. நாலு வருசம்" என்றார். ஊசியை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டேன். அலுவலக மேஜை இழுப்பறையில், ஞாயிற்றுக்கிழமைக்குக் காரில். வீட்டில் தெரியுமா என்று கேட்டேன். பெரியவளுக்கு இருபத்திரண்டு, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, அதனால் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை என்றார். கால் எப்படி இருக்கிறது என்றேன். கொஞ்சம் பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கு என்றார்.

அந்த நடைவழியில் நின்றுகொண்டு எனக்கு வந்த கோபம் சாதாரணமானதில்லை. இரண்டு நோயாளிகள், ஐந்து வருஷம், எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒருவருக்கு ஒருவர் சந்தேகம் வராமல் இருக்கப் பாயசம் குடித்திருக்கிறோம். இந்த வாரத்துக்குள் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், இல்லை என்றால் நான் சொல்வேன் என்றேன். அடுத்தவன் ரகசியத்தைப் பற்றி இப்படிப் பேச எனக்கு எந்த உரிமையும் இல்லை. தெரியும். அவர் முகம் சுருங்கிப்போனது. நம்பிச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

ஒரு வாரம் போனது. அவர் சொல்லவில்லை. என்னாலும் முடியவில்லை. இரண்டு முறை டெலிபோனை எடுத்துவிட்டு வைத்தேன். எட்டாம் நாள் விஜயா கோட்டை மாட்டிக்கொண்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல், இரண்டு தெரு நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

நண்பர் இப்போது என்னோடு பேசுவதில்லை. நேற்றுச் சாயங்காலம் டெலிபோன் மணி அடித்தது. அவர் மனைவி. திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

"அவரு ஒங்க மேல கோவமா இருக்காரு, அது இருக்கட்டும் அண்ணே" என்றார். "கால எங்கிட்ட காட்டிட்டாரு. முன்னாடிதான் ஒக்காந்திருக்காரு. எங்கெங்க பாக்கணும், வரிசையாச் சொல்லுங்க."